உத்தராயணமும் உறைபனியும்

1987ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஐரோப்பா முழுவதையும் ஒரு கடுங்குளிர் அலை பிடித்திருந்தது. நாங்கள் ஜேர்மனிக்கு வந்து சேர்ந்த முதலாவது மாரிகாலம் அது. அகதிகள் விடுதியில் எட்டுக் குடும்பங்களுக்குப் பொதுவாக இருந்த குசினியில், மின் அடுப்பின் மேல், பால் காய்ச்சும் சட்டி ஒன்றில் அம்மா பொங்கினா. முற்றம் இல்லை, மூன்று கல் இல்லை, உலக்கையால் கோலம் கீற இடமில்லை. எரிப்பதற்குப் பாளையும் பன்னாடையும் இல்லை. “தம்பி, கிழக்கு எந்தப் பக்கம்?” என்பதே அவ என்னிடம் கேட்ட ஒரே கேள்வி. எனக்கும் தெரியவில்லை. வந்து மூன்று மாதமாகியும் சூரியன் எழும் பக்கத்தை நான் கவனித்திருக்கவில்லை.

படைத்த பொங்கலை ஒரு தட்டில் எடுத்துக்கொண்டு அவ பனி மூடிய வாசலில் போய் நின்றபோது, விடுதியைப் பராமரிக்கும் முதியவர் வந்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டார். எனக்குத் தெரிந்த ஐம்பது ஜேர்மன் சொற்களைக் கொண்டு, சூரியனுக்கு நன்றி சொல்கிறோம் என்று விளக்கினேன். அவர் சாம்பல் நிற வானத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “அப்படியானால் மே மாதம் வரை காத்திருக்கச் சொல்லு” என்றார். கேலியாகச் சொல்லவில்லை. அம்மாவின் கை விறைக்கிறதே என்ற இரக்கத்தில்தான் சொன்னார்.

அடுத்த மாரிகாலத்தில் பள்ளிக்கூடத்தில் பூமிசாஸ்திர ஆசிரியர் ஒருவர் வேறொரு குண்டைப் போட்டார். சூரியன் வடக்கே திரும்பும் நாள் தைப்பொங்கல் என்று நான் பெருமையோடு சொல்ல, “அது டிசெம்பர் 21 அல்லது 22 அல்லவா? நீங்கள் மூன்று வாரம் பிந்தி வருகிறீர்களே” என்றார். வகுப்பு சிரித்தது. அவர் சொன்னது சரியா, நம் முன்னோர் கணக்குப் பிழையா என்ற கேள்வி அன்று தொடங்கி என்னை விடவில்லை. வைத்தியத் தொழிலுக்கு இடையே கிடைத்த ஓய்வில் இதைப் பற்றிப் படித்தவற்றையும், இந்த நாட்டில் நம் பருவ விழாக்கள் எப்படி இருக்கின்றன என்று எனக்குப் படுவதையும் எமது மன்ற அன்பர்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று எண்ணுகிறேன்.

முதலில் ஆசிரியருக்குரிய பதில். ஆண்டை அளப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. சூரியன் தெற்கே போய்த் திரும்புவதைக் கொண்டு, அதாவது பருவங்களைக் கொண்டு அளப்பது ஒன்று. இதனைச் சாயனம் என்பர். அதன்படி ஆண்டு என்பது 365 நாள், 5 மணி, 48 நிமிடம், 45 விநாடி. நிலையான விண்மீன்களின் பின்னணியில் சூரியன் புறப்பட்ட இடத்துக்கு மீள்வதைக் கொண்டு அளப்பது மற்றது. இது நிராயனம். இது 365 நாள், 6 மணி, 9 நிமிடம், 10 விநாடி. பூமியின் அச்சு ஒரு பம்பரத்தின் தலைபோல மெதுவாகச் சுழல்வதால் உண்டாகும் வித்தியாசம் இது. ஏறக்குறைய இருபது நிமிடம். பெரிய காரியமா என்று கேட்கலாம். ஆனால் எழுபது, எழுபத்தோர் ஆண்டில் அது ஒரு முழு நாளாகிவிடும்.

நம் பஞ்சாங்கம் விண்மீன்களைப் பிடித்தது. மேல்நாட்டு நாட்காட்டி பருவத்தைப் பிடித்தது. சூரியன் மகர ராசியில் புகுவதும் வடக்கே திரும்புவதும் ஒரே நாளில் நிகழ்ந்த காலம் ஒன்று உண்மையாகவே இருந்தது. கணிப்பவரின் முறைக்கேற்ப அது கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆறாம் நூற்றாண்டு வரையில் விழும். அதன் பின்னர் இரண்டும் மெல்ல மெல்லப் பிரிந்து, இப்பொழுது இருபத்துமூன்று, இருபத்துநான்கு நாள் இடைவெளி. இந்த நகர்வைக் கண்ணால் காண விரும்புவோருக்கு ஓர் எளிய சான்று: சுவாமி விவேகானந்தர் பிறந்தது மகர சங்கிராந்தி நாளில். அந்த நாள் 1863ஆம் ஆண்டு ஜனவரி 12. நாம் இன்று பொங்குவது 14ஆம் அல்லது 15ஆம் தேதி. ஒன்றரை நூற்றாண்டுக்குள்ளேயே இரண்டு நாள் நகர்ந்துவிட்டது.

ஆகவே ஆசிரியர் சொன்னது சரி. ஆனால் நம்மவர் அறியாமல் விட்ட பிழை இது என்று எண்ணினால் அது தவறு. ஆறாம் நூற்றாண்டில் வாழ்ந்த வராகமிகிரர், அயனம் திரும்பும் இடம் பழைய நூல்கள் கூறும் இடத்தில் இப்பொழுது இல்லை என்பதையும், ஐயம் வந்தால் நேரில் பார்த்துத் தெளிய வேண்டும் என்பதையும் பிருகத் சம்ஹிதையில் எழுதிவைத்திருக்கிறார். நேரில் பார் என்று ஒரு சோதிட ஆசான் சொன்னதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. நோயாளியைத் தொட்டுப் பாராமல் பழைய சீட்டைப் பார்த்து மருந்தெழுதும் வைத்தியர்களை எனக்குத் தெரியும். சோதிடத்திலும் அப்படிச் சிலர் உளர். இந்தியா சுதந்திரம் பெற்ற பின் 1952இல் மேக்நாத் சாகா என்னும் பௌதிக அறிஞர் தலைமையில் ஒரு நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு அமைந்தது. அது 1955இல் அறிக்கை தந்தது. 1957 மார்ச் 22 முதல் பருவத்தைத் தழுவிய தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. அரசாங்கக் கடிதங்களில் அந்தத் தேதி அச்சாகிறது. எந்தக் கோயிலும் அதைக் கொண்டு கொடியேற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

இந்த விடயத்தில் ஜேர்மனியர் நம்மைப் பார்த்துச் சிரிக்கவும் நியாயமில்லை. 1582இல் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி, அக்டோபர் 4க்கு மறுநாளை 15 என்று ஆக்கி, பருவத்திலிருந்து விலகிப்போன பழைய நாட்காட்டியைத் திருத்தினார். கத்தோலிக்கப் பிரதேசங்கள் ஏற்றன. புரட்டஸ்தாந்தப் பிரதேசங்கள், பாப்பரசர் சொல்லிச் சூரியன் திரும்புவதா என்று மறுத்துவிட்டன. 1584இல் அவுக்ஸ்பூர்க் நகரில் இதன் பேரில் கலகமே மூண்டது. 1700ஆம் ஆண்டில், பெப்ரவரி 18க்கு மறுநாள் மார்ச் 1 என்று அவர்களும் இணங்கும் வரை, நூற்றுப் பதினேழு ஆண்டுகள் அயல் ஊர்கள் பத்து நாள் வித்தியாசத்தில் நத்தார் கொண்டாடின. வாக்கியமா, திருக்கணிதமா என்று நாம் மண்டபத்தில் சத்தம் போடுவது இதோடு ஒப்பிட்டால் மிகவும் அடக்கமான சண்டைதான்.

அந்தத் திருத்தத்தின் தழும்பு இன்றும் இங்கே இருக்கிறது. ஜூன் 27ஐ இவர்கள் சீபன்ஷ்லேபர் நாள், ஏழு துயில்வோர் நாள் என்பார்கள். அன்று பெய்தால் ஏழு வாரம் பெய்யும் என்பது உழவர் நம்பிக்கை. வானிலை ஆய்வாளர் சோதித்துப் பார்த்ததில், அந்த நம்பிக்கையில் உண்மை உண்டு, ஆனால் ஜூன் 27ஐ விட ஜூலை முதல் வாரத்துக்கே அது நன்கு பொருந்துகிறது என்று கண்டார்கள். காரணம், விதி பழைய நாட்காட்டியில் பிறந்தது. நாள் நகர்ந்துவிட்டது, பெயர் நகரவில்லை. நம் மகர சங்கிராந்திக்கு நேர்ந்ததும் அதுவேதான். இவர்களுடைய உழவர் வாக்குகளைக் கேட்கும்போது எனக்கு எங்கள் ஊர்க் கமக்காரர் நினைவு வரும். மே 11 முதல் 15 வரை ‘பனிப் புனிதர்கள்’ நாட்கள். அவை கழியும் முன் தக்காளிக் கன்றை வெளியில் நடாதே என்பார்கள். நாம் ஆடிப்பட்டம் தேடி விதை என்றோம்.

யாழ்ப்பாணத்தில் பருவத்தை நாம் வெப்பமானியால் அறியவில்லை, காற்றால் அறிந்தோம். சோழகம் புழுதியை வாரிக்கொண்டு வரும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்ற காலத்தில் வெளிவேலை ஓய்ந்திருக்க, ஆடிப்பிறப்பன்று பனங்கட்டிக் கூழும் கொழுக்கட்டையும் அவியும். நவாலியூர் சோமசுந்தரப் புலவர் அதைப் பாடிவைத்துப் போனதால், கூழின் மணம் அறியாத பிள்ளைகளுக்கும் அந்த நாள் தெரியும். பிறகு கொண்டல், ஐப்பசி கார்த்திகையில் மாரி. யாழ்ப்பாணத்து ஆண்டு மழையில் பெரும்பங்கு அந்த மூன்று மாதத்துக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மார்கழியில் வாடை திரும்பும். திருவெம்பாவைச் சங்கொலி விடியற்காலைப் பனியில் கேட்கும். தையில் அதே வாடையில் வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டங்கள் ஏறும். காலபோக நெல் வீட்டுக்கு வரும். பனங்கிழங்கு கிண்டுவார்கள். ஆகவே தைப்பொங்கல் அயனத்தோடு மூன்று வாரம் முரண்பட்டாலும், அறுவடையோடும் காற்றோடும் கிழங்கோடும் அது முரண்படவில்லை. ஊரில் ஒருவரும் அதைப் பிந்திய விழா என்று உணராததற்குக் காரணம் இதுவே. வேறொன்றும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலுக்கும் மிக நீண்ட பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட. சூரியன் திரும்பியதை அங்கே யார் கவனிக்கிறார்கள்?

இங்கே கவனிக்காமல் இருக்க முடியாது. வெஸ்ட்பாலியா மாநிலத்து ஹம் நகரில் டிசெம்பர் 21இல் பகல் எட்டு மணித்தியாலத்துக்கும் குறைவு. ஜூன் 21இல் பதினாறரை. பீஷ்மர் அம்புப்படுக்கையில் உத்தராயணத்துக்காகக் காத்திருந்த கதையை ஊரில் கேட்டபோது எனக்கு அது வெறும் கதை. இங்கே வந்து, காலை இருளில் வேலைக்குப் போய் மாலை இருளில் திரும்பும் நவம்பர் மாதம் ஒன்றைக் கழித்த பின்புதான், கிழவர் எதற்காகக் காத்திருந்தார் என்பது விளங்கியது. இதில் ஒரு நுட்பம் உண்டு. டிசெம்பர் கடைசியில் சூரியன் திரும்பிவிட்டாலும் ஜனவரி நடுப்பகுதி வரையில் காலையில் எந்த மாற்றமும் தெரியாது; அப்பொழுதும் எட்டரை மணி அளவில்தான் விடியும். மாலையில்தான் தெரியும். டிசெம்பரில் நாலு இருபதுக்கு மறைந்த சூரியன் தைப்பொங்கலன்று நாலே முக்கால் வரையில் நிற்கும். ஆகவே இந்த நாட்டில் உத்தராயணத்தைக் கண்ணாலே காணக்கூடிய முதல் வாரம் ஏறக்குறைய நம் தைப்பொங்கல் வாரமே. நான் பூமிசாஸ்திர ஆசிரியருக்குச் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். நாற்பது வருடம் பிந்திச் சொல்கிறேன்.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. பொங்கலை வெயில் வரும் மாதமொன்றுக்கு மாற்றி, திறந்தவெளியில் விறகடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குக் காட்டினால் என்ன என்று நமது பொதுக்கூட்டங்களில் சிலர் கேட்டு வருகிறார்கள். கேட்பவர்கள் நல்ல நோக்கத்தோடுதான் கேட்கிறார்கள். வீட்டுக்குள் கற்பூரம் கொளுத்தினாலே புகைமானி அலறுகிற நாட்டில், அடுப்பு மூட்டுவது எங்கே? ஆயினும் எனக்கு இதில் உடன்பாடில்லை. மண்டபத்தில் வைக்கும் பொதுப்பொங்கல் அடுத்த சனிக்கிழமைக்கு வரட்டும். அது மனிதர் கூடும் வசதி. ஆனால் தை முதலாம் நாள் வீட்டு யன்னலில் ஒரு விளக்காவது, ஒரு பிடி அரிசியாவது இருக்க வேண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை இந்த நாட்டுச் சூரிய ஒளியில் நம் தோல் போதிய வைட்டமின் டி உண்டாக்க முடியாது. கருந்தோல் உடைய நமக்கு இன்னும் கஷ்டம். எலும்பு நோவு என்று வரும் எங்கள் தாய்மாரின் இரத்தப் பரிசோதனையை நான் கிழமைதோறும் பார்க்கிறேன். சூரியன் எளிதில் கிடைக்காத இடத்தில் சூரியனை நினைப்பது அர்த்தமற்றது என்று எனக்கு எவரும் சொல்லிவிட முடியாது.

திருவிழா விடயம் வேறு. மகோற்சவக் காலத்தை முன்னோர் விண்மீனைப் பார்த்து மட்டும் வைக்கவில்லை. மண்ணையும் பார்த்துத்தான் வைத்தார்கள். ஆனியில் நயினாதீவு, ஆடியில் மாவிட்டபுரம், ஆவணியில் நல்லூரும் செல்வச் சந்நிதியும், புரட்டாதியில் வல்லிபுரம். எல்லாம் மாரிக்கு முன். தேர் சேற்றில் புதையாத காலம். ஆகவே ஹம் காமாட்சி அம்பாள் ஆலயத் தேர் பெரும்பாலும் ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில் ஓடுவதைப் பார்த்து, வசதிக்காக நாளை மாற்றிவிட்டார்கள் என்று குறைகூறுவோரிடம் நான் சேர்வதில்லை. 1989இல் ஒரு நிலக்கீழ் அறையில் தொடங்கிய வழிபாடு அது. 1993இல் அம்பாள் முதன்முதலில் வீதிக்கு வந்தா. 2002 ஜூலை 7இல் உவென்ட்ரொப் பகுதியில் புதிய கோயிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது. தீர்த்தத்துக்குக் கீரிமலைக் கேணி இல்லை; டாத்தெல்ன்-ஹம் கால்வாய் இருக்கிறது. 1914இல், பெரும்பாலும் நிலக்கரிப் படகுகளுக்காகத் திறந்த கால்வாய் அது.

நேரக் கணக்கும் ஒரு தனித் தலையிடி. மாரியில் நாலரை மணித்தியாலம் கழி, கோடையில் மூன்றரை கழி என்று நாம் பஞ்சாங்கத்தை மாற்றிக்கொள்கிறோம். இலங்கை அரசு 1996இல் மணிக்கூட்டை இருமுறை மாற்றி, 2006 ஏப்ரலில் பழையபடி விட்டது. அந்தப் பத்தாண்டில் பல சங்கங்கள் அரை மணி பிழையாகப் பிரதோஷம் பார்த்திருக்கும். ஜூன் மாதத்துப் பிரதோஷம் இங்கே இரவு ஒன்பதரைக்கு வருகிறது. பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். இதற்கு என்னிடம் மருந்தில்லை.

இனிக் காலநிலை. பவேரியாவில் ஹோகன்பைசன்பேர்க் என்னும் குன்றில் அவுகுஸ்தீன் மடத்துத் துறவிகள் 1781 முதல் வெப்பநிலை பதிந்தார்கள். மன்ஹைம் நகரத்து வானிலைச் சங்கம் கருவிகளைக் கொடுத்து, காலை 7, மதியம் 2, இரவு 9 என்று நேரமும் விதித்தது. மூன்று காலப் பூசை தவறாமல் நடந்ததுபோல அந்தப் பதிவும் நடந்து, குருமார் போன பின்னும் தொடர்ந்து, இன்றும் நடக்கிறது. நமது பக்கத்தில் சென்னை வானாய்வகத்தில் 1796இல் பதிவு தொடங்கியது. இப்படி ஒழுங்காக எழுதிவைத்தவர்களின் புண்ணியத்தில்தான் காலம் மாறுகிறது என்று நம்மால் உறுதியாகச் சொல்ல முடிகிறது. ஜேர்மனி முழுவதற்குமான கணக்கு 1881இல் தொடங்குகிறது. அன்றிலிருந்து சராசரி வெப்பம் 1.8 பாகைக்கு மேல் ஏறிவிட்டது. 2024ஆம் ஆண்டின் சராசரி 10.9 பாகை, அதுவரை கண்ட ஆண்டுகள் எல்லாவற்றிலும் அதிகம்.

தொல்காப்பியர் வழியில் நமக்குப் பெரும்பொழுது ஆறு: கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். ஜேர்மன் வானிலைச் சேவையினர் செடிகளைப் பார்த்துப் பத்துப் பருவம் வகுத்திருக்கிறார்கள். ஹேசல் பூத்தால் முன்வசந்தம், அப்பிள் பூத்தால் முழுவசந்தம், லின்டன் பூத்தால் முதுகோடை என்று போகும். ஹேசலும் அப்பிளும் இப்பொழுது முந்திப் பூக்கின்றன. முந்திப் பூத்ததைப் பிந்தி வரும் பனி கருக்குகிறது. 2024 ஏப்ரல் கடைசியில் சாக்சனியில் தோட்டம் தோட்டமாக அப்படிப் போயிற்று. ஊரிலும் கதை வேறல்ல. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை யாழ்ப்பாணத்தை மூழ்கடித்ததை நம் உறவினர் தொலைபேசியில் அழுது சொன்னது பலருக்கு நினைவிருக்கும்.

நம் திருவிழாக்களுக்கு இதனால் வரும் கேட்டை நான் தொழில்முறையில் காண்கிறேன். 2019 ஜூலை 25இல் நமது மாநிலத்தின் டூயிஸ்பூர்க்-பேர்ல், தோனிஸ்பொர்ஸ்ட் ஆகிய இரு இடங்களில் 41.2 பாகை பதிவாயிற்று. நல்லூர் வீதி மணல். விடியற்காலையில் தண்ணீர் தெளிப்பார்கள். இங்கே நாம் சுவாமியோடு வெறுங்காலில் நடப்பது தார் வீதியில். காற்று 35 பாகை என்றால் வெயிலில் கிடந்த தார் 60 பாகையைத் தொடும். சில ஆண்டுகளுக்கு முன், நான் பெயர் சொல்ல விரும்பாத ஓர் ஊர்த் தேரன்று, கற்பூரச்சட்டி எடுத்த ஒரு முதிய தாயாரை உறவினர் மறுநாள் என்னிடம் கொண்டுவந்தார்கள். இருபது வருட நீரிழிவு. பாதத்தில் உணர்ச்சி இல்லை. இரண்டு உள்ளங்காலும் கொப்புளம். ஒன்று உடைந்து சீழ் பிடித்திருந்தது. “ஒரு நோவும் தெரியேல்லை தம்பி, அம்மன்ரை அருள் எண்டு நினைச்சன்” என்றா. அந்தச் சொல்லுக்கு என்ன பதில் சொல்வது? காலைக் காப்பாற்ற மூன்று மாதமானது. ஒரு விரலைக் காப்பாற்ற முடியவில்லை.

ஹம் ஆலயத்துக்குப் போகும் அன்பர்கள் அந்தப் பக்கத்தில் பெரிய அனல்மின் நிலையத்தைக் கண்டிருப்பார்கள். 2020 முடிவோடு அது நிலக்கரி எரிப்பதை நிறுத்தியது. தேர் ஓடிய அத்தனை கோடைகளிலும் அதன் புகைபோக்கி பின்னால் நின்றது. நாம் சமைத்த பொங்கலுக்கு மின்சாரம் தந்ததும் அத்தகைய நிலையங்களே. ஆதலால் இதில் பிறரை மட்டும் குறைசொல்ல எனக்கு நா எழவில்லை.

நமது நிருவாக சபைக்கு நான் எழுதிக் கொடுத்தது இது: தேர் காலை எட்டு மணிக்கே புறப்படட்டும், தீயணைப்புப் படையிடம் கேட்டு வீதிக்கு முன்கூட்டித் தண்ணீர் அடிப்போம், அங்கப்பிரதட்சணம் செய்வோருக்குக் கயிற்றுப் பாய் விரிப்போம், நீரிழிவு உள்ளவர் வெறுங்காலில் நடக்க வேண்டாம். முதல் மூன்றும் எதிர்ப்பின்றி நிறைவேறின. நான்காவதற்கு ஒரு மணித்தியாலம் வாதம். முடிவில், சொன்ன அந்தத் தாயாரே எழுந்து, “காலுறை போட்டால் அம்மன் கோவிப்பாவோ ஐயா?” என்று குருக்களைக் கேட்டா. குருக்கள் சிறிது யோசித்து, “பருத்தியாய், புதுசாய், அதற்கெண்டே வைச்சிருக்கிறதாய் இருக்கட்டும்” என்றார். போன தேருக்கு நாற்பது சோடி வெள்ளைக் காலுறை வாங்கினோம். பதினொரு சோடி மிச்சம். மன்ற அலுவலக அலுமாரியின் கீழ்த்தட்டில் இருக்கிறது. தேவையானவர்கள் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.